ஒரு மூலை திரும்பியிருக்கிறது

எங்கள் வீட்டில் என் கை படாத இயந்திரம் எதுவும் இருந்ததில்லை. மோட்டார் பம்புசெட்டு, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், தையல் மெஷின், சுவர்க்கடிகாரம், அம்மாவின் மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று எல்லாவற்றையும் ஒரு தடவையாவது கழற்றிப் பரப்பிப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பாதி சாமான்கள் மாட்டியபிறகு முன்பைவிட நன்றாக ஓடும். மீதிப் பாதியைப் பற்றி வீட்டில் யாரும் என் காதுபடப் பேசுவதில்லை. எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் கடைசியில் உள்ளங்கை அளவு சாமான் ஒன்றைக் கழற்றி மாட்டி, என் தங்கையின் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தேன். அதைக் கண்டுபிடித்தது பம்பாயில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் ஏறி, நாலாவது நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் தோட்டம். நிலக்கடலை, பருத்தி, தண்ணீர் இருக்கும் வருஷத்தில் கொஞ்சம் கரும்பு. நான் கல்லூரியில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு மண்வெட்டியே மேல் என்று திரும்பி வந்தவன். தங்கை அப்படியில்லை. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, பம்பாயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பெண்பிள்ளை கோயமுத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததையே எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு வருஷம் பேசித் தீர்த்தார்கள். பம்பாய் என்றதும் அவர்களுக்குப் பேச்சே வரவில்லை.

முதல் வருஷம் அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். பெரிய டைப்ரைட்டர் போன்ற ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "டைப் அடிக்கிற சோலி" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து சாயாக்கடையிலும், வில்லேஜ் ஆபீசிலும், பஸ்ஸிலும் யார் கேட்டாலும் அதே பதில்தான். அப்பா கெட்டவர் இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்வார், சொன்னதில் நிற்பார். அவ்வளவுதான் அவருடைய குணமும் குற்றமும்.

அந்த வருஷம் பொங்கல் நோம்பிக்குப் பத்து நாள் லீவில் வந்தவள், பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தாள். அவளுடைய பேராசிரியர் ஹங்கேரியில் ஒரு மாநாட்டுக்குப் போனபோது வாங்கி வந்ததாம். ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு நிறம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்பது சின்னக் கட்டம். எந்தப் பக்கத்தைப் பிடித்துத் திருகினாலும் அந்த அடுக்கு மட்டும் சுற்றும். நாலு திருகு திருகினால் நிறமெல்லாம் கலைந்துவிடும். திரும்பக் கொண்டுவருவது கலைத்தவனால் ஆகாது. நான் ஒரு நாள் முழுக்க முயன்று ஒரு பக்கம் சேர்த்தேன். அடுத்த பக்கம் சேர்ப்பதற்குள் முதல் பக்கம் போய்விட்டது. அதைத் தூக்கிக் கடலைப் போரின்மேல் எறிந்தேன். தங்கை சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தாள்.

அதே நோம்பியில்தான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் பற்றிச் செய்தி வந்தது. நல்ல குடும்பம், கிணறும் தோப்புமாக நிறைந்த இடம். பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை. அப்பாவுக்கு அது நிபந்தனையாகவே படவில்லை.

"டைப் அடிக்க பொள்ளாச்சியிலயே ஆளிருக்குது, அம்மிணி. நீ எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்றார்.

"நான் டைப் அடிக்கறதில்லீங்கப்பா."

"அப்பறம் அதும் முன்னால உக்காந்து என்ன பண்ணறே?"

"ஒரு வேலைய எப்படி யோசிச்சுப் பண்ணறதுன்னு அதுக்கு எழுதிக் குடுக்கறேனுங்க. எழுதினது சரியா இருந்தா அதுவே பண்ணும்."

அப்பா நம்பாமல் பார்த்தார். அவள் கட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். "இத நீங்க எப்படி வேணாலும் கலைங்க. எத்தன நாள் வேணாலும் எடுத்துக்குங்க. கலைஞ்சது எப்படி இருக்குதுன்னு அண்ணன் எழுதி அனுப்பட்டும். ஒண்ணு சேக்கற வழி பம்பாயிலிருந்து வரும்."

"நீ கையில தொடாம?"

"கண்ணுல கூடப் பாக்காமங்க."

அப்பா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீ சொன்னபடி ஒண்ணு சேந்துதுன்னா அங்கயே இரு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சேரலீன்னா சித்திரைக்குள்ள வேலைய உட்டுட்டு வந்துரோணும்."

"சரிங்கப்பா" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தனியாக இழுத்துப்போய், "ஏம்மிணி, வெளையாட்டுச் சாமான வச்சா உன்ற வாழ்க்கைய முடிவு பண்ணறே?" என்று கத்தினேன்.

"கையால செஞ்சா நான் தப்பு விடுவேனுங்ணா. அது விடாது" என்றாள். சொன்னவள் முகத்தில் பெருமைகூட இல்லை. பசு பால் கறக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பிற்பாடு ஒரு முறை பம்பாய் போனபோது அந்த இயந்திரத்தை நேரில் பார்த்தேன். படம் கிடையாது, விளக்கு மின்னாது, பார்க்க ஒன்றுமே இல்லை. விசைப்பலகையும் ஒரு சுருள் தாளும்தான். அது தாளில் ஒரு புள்ளியை அடித்துவிட்டுக் காத்திருக்கும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நாம் ஒரு வரி தட்ட வேண்டும். தங்கை தன் புரோகிராமின் பெயரைத் தட்டி, அதே வரியில் ஐம்பத்துநாலு எழுத்துகளையும் தட்டினாள். கட்டையில் இருக்கும் ஐம்பத்துநாலு கட்டத்துக்கும் நிறத்துக்கு ஒரு எழுத்து. அவ்வளவுதான் அதனோடு பேச்சு. நலம் விசாரிக்காது, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தடதடவென்று விடையை அடித்து முடித்து, மறுபடி ஒரு புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. கேட்டவுடன் அது வேலையில் பாயாது. முதலில், கொடுத்த எழுத்துகள் ஒழுங்கா என்று பார்க்கும். ஒவ்வொரு நிறமும் ஒன்பது இருக்கிறதா, ஒரே துண்டு இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா, இப்படி ஒரு கட்டை உலகத்தில் இருக்க முடியுமா என்றெல்லாம் சோதித்துவிட்டுத்தான் மேலே போகும். அதை அப்படி யோசித்து எழுதியவள், ஸ்குரூடிரைவரை எடுத்தபிறகு யோசிக்கும் என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் என்பதை நம்புவது கஷ்டம்தான்.

அவள் பம்பாய் போனதும் கலைக்கும் வேலை தொடங்கியது. அப்பா எதைச் செய்தாலும் ஊரறியச் செய்வார். கட்டையைத் துண்டில் முடிந்துகொண்டு போய்ச் சாயாக்கடையில் வைத்தார். ஆளுக்கு ஒரு திருப்பு. போஸ்ட்மேன் திருப்பினார். பஸ் கண்டக்டர் விசில் ஊதப் போனவர் நின்று திருப்பினார். கள்ளிறக்குபவர் பனையிலிருந்து இறங்கி வந்து, கையைக்கூடத் துடைக்காமல் திருப்பினார். "இது இனி சரியாவில்லா" என்று கடைக்காரர் மலையாளத்தில் கை விரித்தார். பத்து நாளில் அந்தக் கட்டை கள்ளும் சாயாவும் செம்மண்ணும் தின்று, திருப்பினால் நறநறவென்றது. பிறகு அப்பா அதை என்னிடம் கொடுத்து, "எழுதி அனுப்பு" என்றார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய சாமானை அழுக்கோடு திருப்பிக் கொடுக்க மாட்டோம். கலப்பையோ ஸ்பேனரோ, துடைத்து எண்ணெய் போட்டுத்தான் உடையவர் கையில் கொடுப்போம். கட்டை பேராசிரியர் தந்தது, ஒரு நாள் தங்கையிடம் திரும்பிப் போக வேண்டியது. அது நறநறவென்று இருக்க என் மனம் ஒப்பவில்லை. மறுநாள் பம்பு ரூமில் உட்கார்ந்து ஓர் அடுக்கைப் பாதி திருப்பி, இடுக்கில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினேன். ஒரு துண்டு தெறித்தது. அதற்குப்பின் மற்றவை பூண்டுப்பல் மாதிரி உதிர்ந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுவிட்டு, கழற்றிய வரிசையிலேயே மாட்டினேன். கடைசியில் இரண்டு மூன்று துண்டுகள் எப்படி உட்கார்ந்திருந்தன என்பது மறந்துவிட்டது. எப்படிப் போனதோ அப்படி மாட்டினேன். கலைந்து கிடப்பதுதானே, எப்படிக் கலைந்திருந்தால் என்ன என்று நினைத்தேன்.

கட்டை வெண்ணெய் மாதிரி சுழன்றது. எனக்கே என்மேல் பெருமை வந்தது. நிறங்களைப் பார்த்து, அவள் கோடு போட்டுக் கொடுத்திருந்த கட்டங்களில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்துத் தபாலில் சேர்த்தேன். கழற்றியதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை, சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. சுருள் தாளில் கிழித்த ஒரு துண்டு, அதில் பெரிய ஆங்கில எழுத்தில் இரண்டே வரி. அப்பா எதிரில் நின்று, "படி" என்றார். நான் தமிழில் சொன்னேன்: "திருப்புவதால் மட்டும் இந்த நிலை வராது. ஒரு மூலை திரும்பியிருக்கிறது." தங்கை கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள்: எழுத்துகளை இன்னொரு தடவை சரிபார்த்து அனுப்புங்கள் அண்ணா.

யாரோ கட்டையைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். பம்பு ரூமும் ஸ்குரூடிரைவரும் கண்முன் வந்தன. ஆயிரம் மைலுக்கு அப்பால், இந்தக் கட்டையைப் பார்த்தேயிராத ஒன்று, ஐம்பத்துநாலு எழுத்தை வைத்துக்கொண்டு நான் செய்ததைச் சொல்லிவிட்டது.

அப்பாவுக்கு வேறு விதமாகச் சுட்டது. "என்ற கையில திருப்புனது. ஊரே பாக்கத் திருப்புனது. அத திருப்பலீங்குதா?" என்றார். "முடியலீன்னா முடியலீன்னு சொல்லோணும். மத்தவன் களவாண்டான்னு சொல்லப்படாது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. அன்று மதியமே பொள்ளாச்சிக்குச் சொல்லி அனுப்பினார், பங்குனி கடைசியில் பெண் பார்க்க வரலாம் என்று.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். எங்கோ உட்கார்ந்துகொண்டு என்னைக் காட்டிக் கொடுக்க அது யார் என்று ஒரு மெஷின்மேல் கோபப்பட்டேன். கட்டையை எடுத்து மறுபடி பார்த்து அதே எழுத்துகளை எழுதி அனுப்பினேன். விடை மாறாதா என்ற நப்பாசைதான். தங்கையின் வேலை தொங்கிக்கொண்டிருக்கும்போது நான் இப்படி நாளைக் கடத்தியது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவது பதிலுக்கு மூன்று வாரமாயிற்று. இந்த முறை உறையில் என் பெயர் மட்டும். உள்ளே இரண்டு தாள். முதல் தாள் அவள் கையெழுத்து:

"அண்ணா, அதே எழுத்து, அதே பதில். எட்டு மூலைகளில் ஏதோ ஒன்று மூன்றில் ஒரு பங்கு திரும்பி உட்கார்ந்திருக்கிறது. எந்த மூலை என்று அதற்குத் தெரியாது. தெரியாததை அது சொல்லாது. எந்த மூலையைச் சரிசெய்தாலும் கணக்கு நேராகிவிடும். வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றும் சேரும் மூலையைக் கழற்றி, வலப்பக்கமாக ஒரு தடவை திருப்பி மாட்டுங்கள். அதற்குப்பிறகு செய்ய வேண்டியதை அது அடித்துக் கொடுத்திருக்கிறது. அப்பாவிடம் இரண்டாவது தாளை மட்டும் கொடுத்தால் போதும்."

யார் கழற்றியது என்று அவள் கேட்கவில்லை.

பம்பு ரூமுக்குப் போய் அந்த மூலையை நெம்பி எடுத்துத் திருப்பி மாட்டினேன். பிறகு இரண்டாவது தாளை மட்டும் அப்பாவிடம் கொண்டுபோனேன். மொத்தம் எண்பத்தாறு திருப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. வழி வந்துவிட்டது, பெண் பார்க்க வருகிறவர்களை நிறுத்திவிடலாம் என்றேன்.

அப்பா தாளைத் தொடவில்லை. "மொதல்ல ஆகாதுன்னுது. இப்ப ஆகுங்குதா?" என்றார். "பேச்சு மாத்தறவன நான் நம்புனதில்ல. மெஷினா இருந்தா மட்டும் நம்போணுமா? இதுக்கா எம்மவ அத்தன தூரத்துல உக்காந்திருக்கறா?"

நான் பயந்தது நடந்துவிட்டது. கட்டை ஒன்று சேர்ந்தாலும், அந்தப் புரோகிராம் ஒரு முறை பொய் சொன்னது என்றே அப்பா மனதில் நிற்கும். அதை எழுதியவளும் அப்படியே நிற்பாள். பொய்யே சொல்லாத ஒன்றுக்கு என்னால் அந்தப் பெயர்.

"அது பேச்சு மாத்தலீங்கப்பா" என்றேன். "ரெண்டு தரமும் சரியாத்தான் சொல்லுச்சு. நாந்தானுங்க கட்டையக் கழட்டுனேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எப்ப?"

"நீங்க என்ற கையில குடுத்ததுக்கு மக்யா நாளுங்க. மண்ணு போயிருந்துது. கழுவி எண்ண போட்டேனுங்க. மாட்டறப்ப ஒரு மூல தப்பாப் போச்சு."

"ஒரு மூலதானா?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க."

"அதயும் ஒண்ணுன்னே சொல்லுச்சா?"

"ஆமாங்கப்பா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையை நீட்டிக் கட்டையை வாங்கிக்கொண்டார். "வேறெதுவும் பண்ணலியே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, "படி" என்றார்.

வெள்ளை மேலே, பச்சை தம் பக்கம் பார்க்க வைத்துக்கொண்டார். நான் எழுத்துகளை மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று மாற்றிப் படித்தேன். எழுத்தை ஒட்டிச் சின்னக் கோடு இருந்தால் அதே அடுக்கை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். நான் படித்தவன், தடுமாறினேன். அவர் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. நாற்பது வருஷம் இடத்து மாடும் வலத்து மாடும் பூட்டி ஓட்டிய கை. "வலம்" என்று என் வாயிலிருந்து வருவதற்குள் கட்டை வலம் திரும்பியிருக்கும். பத்துத் திருப்புக்கு ஒரு கடலை என்று அம்மா பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது கடலையில் வெள்ளைப் பக்கம் சேர்ந்தது. ஐந்தாவதில் அதற்குக் கீழே ஓர் அடுக்கு நேரானது. அப்பா மூச்சுவிடாமல் பார்த்தார். எட்டாவது கடலை வைத்தபோது சேர்ந்திருந்த அத்தனையும் கலைந்துபோயிருந்தது. அவர் கை நின்றது.

"கெட்டுப் போச்சேடா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தாளில் இன்னும் ஆறு எழுத்து மிச்சம் இருந்தது. "அது தப்பு விடாதுங்கப்பா, திருப்புங்க" என்றேன். தங்கை சொன்னதை அப்படியே சொன்னேன். என் வாயிலிருந்தே அது வருகிறதே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

வலம். மேல் எதிர். வலம் எதிர். ஒவ்வொரு திருப்புக்கும் நிறங்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. கடைசித் திருப்பை அப்பா மெதுவாக, ஒரே நேராகத் திருப்பினார். ஆறு பக்கமும் ஆறு நிறமாக நின்றது. சாயாக்கடையில் பனையேறியும் கண்டக்டரும் ஊர் முழுக்கச் சேர்ந்து கலைத்ததை, அவர்களில் ஒருவரையும் பார்த்தறியாத ஒன்று, தான் எழுதிய எண்பத்தாறாவது எழுத்தில், சொன்னது சொன்னபடி கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அவ்வளவு நேர்மையான வேலையை நான் அதற்குமுன் கண்டதில்லை. என் கண் கலங்கியது. அம்மா கடலைகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்பா கட்டையைக் கீழே வைக்கவில்லை. "லெட்டர் எழுது" என்றார். "டைப் அடிக்கிற சோலின்னு ஊரெல்லாம் சொன்னது என்ற தப்புன்னு எழுது. இனி ஆராவது கேட்டா மெஷினுக்குப் புத்தி சொல்லறான்னு சொல்லுவேன்னு எழுது. அங்கயே இருக்கட்டும்." மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி அவரே பொள்ளாச்சி போய், பெண் பம்பாயில்தான் இருப்பாள், அது சம்மதமானால் மேலே பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மேலே பேசவில்லை.

அந்தக் கடிதத்தின் அடியில் நான் ஒரு வரி சேர்த்தேன்: கழற்றியது நான்தான், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் எனக்குத் தங்கையிடமிருந்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. அதிலும் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

"அண்ணா, முதல் தடவை அது ஒரு மூலை என்றதுமே எனக்குத் தெரியும். எழுதியதில் பிழை என்றால் நிறக் கணக்கு இடிக்கும், ஒரு மூலை மட்டும் அழகாகத் திரும்பாது. நம் வீட்டில் எதையும் கழற்றுவது யார் என்றும் தெரியும். நீங்களே சொல்லுவீர்கள் என்று இருந்தேன்."

முதல் பதில் வந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஐந்து வாரத்துக்குமேல். அப்பாவுக்கு அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். வேலை போகும் நிலையிலும் அந்த வரியை அவள் எழுதவில்லை. இன்லண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பம்பு ரூமுக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.